ஐந்து பவுனும் ஆறு பவுனும்

பூவிருந்தவல்லி வட்டாரத்துச் சங்கம் ஒன்றுக்கு நாம் ஆய்வின் பொருட்டுச் செல்லும்போதெல்லாம், திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் முதிய அங்கத்தினர் ஒருவரைக் காண்பது வழக்கம். மல்லிகையும் கீரையும் பயிரிடுபவர், தவணை தவறாதவர். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டுவிட்டால் அவர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே. "ஐயா, நீங்கள் படித்தவர்கள். இந்தத் தடவை யாருக்குப் போட்டால் நமக்கு நல்லது? சொல்லிவிடுங்கள், வீட்டில் உள்ள ஆறு ஓட்டையும் அப்படியே போட்டுவிடுகிறோம்."

நாம் புன்னகை செய்து நழுவிவிடுகிறோம். அரசு ஊழியர் நடத்தை விதிகள் நம் வாயைக் கட்டிவைத்திருக்கின்றன. அஃது இருக்கவேண்டிய கட்டுத்தான். எனினும், திரும்பும் வழியில் மனம் உறுத்தாமல் இல்லை. யாருக்கு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. எப்படிப் பார்த்து முடிவு செய்வது என்று சொல்லுவதை எந்த விதியும் தடுக்கவில்லையே! 2021-ம் ஆண்டில் நாம் அதைக்கூடச் சொல்லாது இருந்துவிட்டோம். அதன் விளைவைச் சங்கத்தின் நகைக் கடன் பேரேட்டிலேயே கண்டோம்.

அவ்வாண்டின் சட்டமன்றத் தேர்தலை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிப்ரவரி 5-ம் நாள், அன்றைய முதலமைச்சர் திரு. எடப்பாடி பழனிசாமி, கூட்டுறவு நிறுவனங்களில் 16.43 இலட்சம் விவசாயிகள் பெற்றிருந்த ரூ. 12,110 கோடி பயிர்க் கடன் தள்ளுபடி செய்யப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே மாதம் 26-ம் நாள், தேர்தல் அட்டவணை வெளியான அன்றே, கூட்டுறவு நிறுவனங்களில் ஆறு பவுன் வரை ஈடு வைத்துப் பெற்ற நகைக் கடனும் தள்ளுபடி என்றார். எதிர்ப்புறத்தில் நின்ற தி.மு.கழகம், ஐந்து பவுன் வரையிலான நகைக் கடன் தள்ளுபடி என்று வாக்குறுதி தந்தது. மார்ச்சு 13-ம் நாள் வெளிவந்த தி.மு.க. தேர்தல் அறிக்கையில் வாக்குறுதிகள் 505. மறுநாள் வந்த அ.தி.மு.க. அறிக்கையில் 163. வாக்குப்பதிவு ஏப்ரல் 6-ம் நாள். 668 வாக்குறுதிகளையும் படித்துச் சீர்தூக்குவதற்கு நம் குடியானவர்களுக்கும் நெசவாளர்களுக்கும் கிடைத்த அவகாசம் மூன்று வாரமும் சில நாட்களும்தான்.

அந்த மூன்று வாரமும் நம் சங்கங்களின் வாயிலில் நடந்த அரசியல் ஆராய்ச்சி முழுவதும் ஐந்து பெரிதா, ஆறு பெரிதா என்பதே. இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடமே தேவையில்லை. கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் வேறு. ஐந்து பவுன் என்பது ஒரு கடனுக்கா, ஓர் ஆளுக்கா, ஒரு குடும்பத்துக்கா? எந்தத் தேதியில் நிலுவையிலுள்ள கடன்? அளவுக்கு மேல் ஒரு பவுன் வைத்துவிட்டவருக்கு அளவுக்குட்பட்ட தொகையாவது கழியுமா, அன்றி ஒன்றுமே கழியாதா? சங்கத்துக்கு வரவேண்டிய பணத்தை யார், எத்தனை தவணையில் தருவார்கள்? இவற்றை எவரும் எந்தக் கட்சியிடமும் கேட்கவில்லை. பேரேடுகளைக் கையில் வைத்துக்கொண்டிருந்த நாமும் கேட்குமாறு சொல்லவில்லை.

விடை நவம்பர் மாதத்து அரசாணையில் வந்தது. ஒரு குடும்பத்தின் கடன்கள் அனைத்தையும் கூட்டி 40 கிராமுக்கு மேற்படாதிருந்தால் மட்டுமே தள்ளுபடி. அரசு ஊழியர் குடும்பங்களுக்கு இல்லை. கூட்டுறவு நிறுவனப் பணியாளருக்கு இல்லை. பயிர்க் கடன் தள்ளுபடி பெற்றவருக்கும் இல்லை. மாநிலம் முழுவதிலும் ஏறத்தாழ 48 இலட்சம் நகைக் கடன்களைச் சலித்துப் பார்த்ததில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டவை தகுதியற்றவை எனத் தள்ளப்பட்டன. நான்கு பேர் நம்பியிருந்தால் அவர்களுள் மூவருக்கு ஏமாற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிபந்தனைகளுக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டோம். ஒரே ஆள் பெயரில் அடுக்கடுக்காகக் கடன்கள் இருந்தமையும், சில இடங்களில் கவரிங் நகைக்குக் கடன் வழங்கப்பட்டிருந்தமையும் ஆய்வில் வெளிப்பட்டன. பொதுப்பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாரி இறைத்தல் ஆகாது. ஆனால், இந்த நிபந்தனைகளைத் தேர்தலுக்கு முன்பே சொல்லியிருந்தால் மக்கள் தத்தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொண்டிருப்பார்களன்றோ? ஆறு பவுன் என்ற அறிவிப்பிலும் அவை விரிவாகச் சொல்லப்படவில்லை என்பதையும் நடுநிலையோடு குறிப்பிடவேண்டும்.

நாம் ஆய்வு செய்த சங்கம் ஒன்றில் கைம்பெண் ஒருவர் இரண்டு கடன்கள் பெற்றிருந்தார். ஒன்று மகனின் படிப்புக்கு, மற்றொன்று மழையில் சரிந்த சுவருக்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பவுன் ஈடு. கூட்டினால் 48 கிராம். தள்ளுபடி வரும் என்ற நம்பிக்கையில் பல மாதங்கள் வட்டியே கட்டாமலிருந்தவர், பட்டியலில் பெயரைக் காணாது நம்மிடம் வந்தார். "ஐந்து பவுன் வரை என்றுதானே ஐயா சொன்னார்கள்? அந்த ஐந்து பவுனுக்குக் கழித்துவிடுங்கள். மீதி ஒரு பவுனுக்கு நான் பணம் கட்டி மீட்டுக்கொள்கிறேன்" என்றார். அவர் சொன்ன கணக்கில் பிழையொன்றும் இல்லை. அரசாணையின் கணக்குத்தான் வேறாயிருந்தது. அசலோடு, ஏறியிருந்த வட்டியையும் கட்டவேண்டும், தவறினால் ஏல அறிவிப்பு வரும் என்று அந்த அம்மையாரிடம் சொல்லவேண்டிய பொறுப்பு நமக்கு வாய்த்தது. அன்று மதிய உணவு நமக்கு இறங்கவில்லை.

சங்கத்தின் பக்கத்தையும் சிறிது சொல்லவேண்டும். தள்ளுபடி என்றால் கடன் ஆவியாகிப் போய்விடுவதில்லை. அங்கத்தினர் தரவேண்டிய தொகையை அரசாங்கம் தருகிறது. அதுவும் ஒரே நாளில் அன்று, தவணை தவணையாக. அதுவரை அந்தத் தொகை ஐந்தொகையில் வரவேண்டிய இனமாக நின்றுகொண்டிருக்கும். மறு சாகுபடிக்குக் கடன் கேட்டு வருபவருக்கு எடுத்துக் கொடுக்க இயலாது. ஒழுங்காகக் கட்டியவருக்குக் கிடைப்பது யாதுமில்லை. அடுத்த தேர்தல் நெருங்கும்போது அவரும் கட்டத் தயங்குகிறார். 2006, 2016, 2021 என மூன்று முறை பயிர்க் கடன் தள்ளுபடி ஆகியிருக்கிறது. தேர்தல் ஆண்டு பிறந்தாலே வசூல் மந்தமாகிவிடும் என்பதை எந்தச் சங்கக் காரியதரிசியும் சொல்லுவார். 2016-ல் அத்தள்ளுபடி சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டுமே என வரையறுக்கப்பட்டது. மற்றவர்க்கும் உண்டென்று 2017-ல் சென்னை உயர்நீதிமன்றம் கூற, அத்தீர்ப்பை 2021 நவம்பரில் உச்சநீதிமன்றம் நீக்கியது. ஒரு வாக்குறுதியில் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்னும் ஒரு வரியை அறிய ஐந்து ஆண்டுகள் ஆயின!

மகளிர் உரிமைத் தொகையிலும் இதுவே நிகழ்ந்தது. 2021-ல் ஒரு கட்சி மாதம் ரூ. 1,000 என்றது, மற்றொன்று ரூ. 1,500 என்றது. 2023 செப்டம்பரில் ரூ. 1,000 நடைமுறைக்கு வந்தபோது வருமானம், நிலம், மின்சாரச் செலவு ஆகியவற்றுக்கு வரம்புகளும் உடன் வந்தன.

பழங்காலத்தில் எல்லாம் நேராக இருந்தது என்று கருதுபவர் உளர். நம் ஆவடியிலேயே 1955-ம் ஆண்டு ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ மாதிரிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானித்தது. நாடெங்கும் பேசப்பட்ட தீர்மானம். ஆயினும், அதனால் தம் தறிக்கு நூல் என்ன விலைக்கு வரும் என்பதை அக்கம்பக்கத்து நெசவாளர் அத்தீர்மானத்திலிருந்து அறிந்திருக்க முடியாது. அதற்கு நேர்மாறானது 1967-ம் ஆண்டில் தி.மு.கழகம் தந்த அரிசி வாக்குறுதி. ரூபாய்க்கு மூன்று படி என்பது குறிக்கோள், ஒரு படி என்பது உறுதி என்று அதை இரண்டாகப் பிரித்தே மக்களிடம் சொன்னார்கள். எது ஆசை, எது கடமை என்று வாக்காளருக்கு விளங்கிற்று. ஆட்சிக்கு வந்தபின் அந்த ஒரு படியும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தொடங்கி, நிதியின்மையால் மாநிலம் முழுவதும் பரவாது நின்றது. ஆனால், நின்றது எது என்பதை மக்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள். சொன்ன சொல்லில் அளவு இருந்ததே காரணம்.

சட்டம் இதில் எவ்வளவு துணை செய்யும்? 2013 ஜூலை 5-ம் நாள் உச்சநீதிமன்றம், தமிழ்நாட்டில் இலவசத் தொலைக்காட்சிப் பெட்டி முதலியவை குறித்து எழுந்த வழக்கில், தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று தீர்ப்பளித்தது. எனினும், அறிக்கைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. அவ்வாறே நடத்தை நெறிகளில் புதிய பகுதியொன்று சேர்க்கப்பட்டது. வாக்குறுதிக்குரிய காரணத்தையும், அதற்கான பணத்தைத் திரட்டும் வழியையும் பொதுப்படவேனும் கட்சிகள் காட்டவேண்டும் என்பது அதன் சாரம். 2016-ம் ஆண்டுத் தேர்தலில் நம் மாநிலத்தின் இரு பெருங் கட்சிகளும் இதனைப் போதிய அளவு பின்பற்றவில்லை என்று ஆணையம் குறை கூறியது. குறை கூறியதோடு சரி. கேட்கவேண்டியவர் வாக்காளர், அவர் கேளாதபோது ஆணையத்தின் கடிதத்துக்கு யார் அஞ்சுவார்கள்?

ஹாலந்து என்று நாம் அழைத்துவரும் நெதர்லாந்து நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அங்குள்ள மத்தியத் திட்ட நிலையம், 1986-ம் ஆண்டுத் தேர்தல் முதல், கட்சிகள் தாமாக முன்வந்து ஒப்படைக்கும் திட்டங்களை ஒரே அளவுகோலால் கணக்கிட்டு, வரவு செலவுக்கும் வேலைவாய்ப்புக்கும் குடும்பங்களின் வாங்கும் சக்திக்கும் என்ன நேரும் என்று வாக்குப்பதிவுக்கு முன்பே வெளியிடுகிறது. ஏதோ ஒரு பொருளில் ஒவ்வொரு கட்சியும் என்ன சொல்கிறது என்று வாக்காளர் தாமே ஒப்பிட்டுக்கொள்ளும் வினாப் புத்தகம் ஒன்றும் 1989-ல் அங்கே அச்சாயிற்று. இன்று அது கணினியில் ஏறி, ஜெர்மனி முதலிய நாடுகளுக்கும் பரவியிருக்கிறது. இவ்வகை வினாத்தாள்களில் நமக்கு ஒரு குறை தெரிகிறது: முப்பது வினாக்களுக்கும் ஏறத்தாழ ஒரே எடை. ஒரு நெசவாளருக்கு நூல் விலை என்னும் ஒரே வினா மற்ற இருபத்தொன்பதையும்விடக் கனமானதாயிருக்கக்கூடும். ஆதலின், எடையை அவரவரே இடவேண்டும்.

நம்மிடம் திட்ட நிலையம் இல்லை. வினாப் புத்தகமும் இல்லை. ஆனால், கோடு போட்ட பேரேடு உண்டு. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு சங்கத்திலும் உண்டு. 668 வாக்குறுதிகளையும் ஒருவர் படிக்கவேண்டியதில்லை. தம் பிழைப்பைத் தொடும் நான்கைந்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கட்சிகளின் அறிக்கைகளில் உள்ள சொற்களை அப்படியே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டால் போதும். அச்சிட்ட அறிக்கையிலிருந்தே எழுதவேண்டும். மேடையில் கேட்டதும், கைப்பேசியில் வந்த படமும் கணக்கில் சேரா. பிறகு அங்கத்தினர்களே அவற்றைக் கடன் மனுவைப் பரிசீலிப்பதுபோலப் பரிசீலிக்கட்டும். கடன் கேட்பவரிடம் என்ன கேட்கிறோம்? எவ்வளவு, எதற்கு, எப்போது, எதைக்கொண்டு திருப்புவாய், முன் வாங்கியதைக் கட்டினாயா என்று கேட்கிறோம். ஐந்தாண்டு ஆட்சியைக் கடனாகக் கேட்பவரிடம் அதே கேள்விகளைக் கேட்பதில் என்ன கூச்சம்?

நெசவாளரின் தாளில் என்ன வரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2016-ல் அ.தி.மு.க. அரசு கைத்தறிக்கு 200 யூனிட்டும் விசைத்தறிக்கு 750 யூனிட்டும் இலவச மின்சாரம் என்றது, 2023-ல் தி.மு.க. அரசு அவற்றை 300, 1,000 என உயர்த்தியது. கைத்தறியாளர் முதல் எண்ணை மட்டும் பார்த்து மகிழ்வது இயல்பு. ஆனால், அவர் நெய்யும் சேலையோடு சந்தையில் மோதுவது விசைத்தறிச் சேலை. அதற்குக் கிடைக்கும் சலுகை எவ்வளவு என்னும் இரண்டாம் எண்ணும் அவருடைய கணக்கில் வரவேண்டியதே. பொதட்டூர்பேட்டைப் பக்கத்து விசைத்தறிக்காரருக்கோ அந்த இரண்டாம் எண்தான் உயிர். ஒரே வரியை இருவர் இரண்டு விதமாகப் படிக்கவேண்டியிருக்கிறது. இருவருக்கும் ஒருவரே பதில் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

அடுத்து, கேட்கவேண்டிய இடத்தில் கேட்கவேண்டும். கைத்தறிக்கு ஆதாரம் சிட்டா நூல். நூற்பாலைகள் தம் நூலில் ஒரு பங்கைச் சிட்டமாகவே சுற்றித் தரவேண்டும் என்ற கட்டாயம் மத்திய அரசின் ஆணையால் வருவது. அப்பங்கு முன்பு 50 சதவீதம்; 2003-ல் 40 ஆயிற்று; 2019-ல் 30 ஆகிவிட்டது. கைத்தறிக்கென்றே துணி வகைகளை ஒதுக்கும் 1985-ம் ஆண்டுச் சட்டமும் மத்திய சட்டமே. முதலில் ஒதுக்கியவை 22 வகைகள், பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. இவைபற்றிச் சட்டமன்ற அபேட்சகரிடம் கேட்டுப் பயனில்லை. பாராளுமன்ற அபேட்சகரிடம் கேட்கவேண்டும். ஆவடியும் பூவிருந்தவல்லியும் திருவள்ளூர்ப் பாராளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தவை. அம்பத்தூர் திருப்பெரும்புதூரைச் சேர்ந்தது. நாம் அறிந்தவரை, சிட்டா நூல் என்ற சொல்லை இவ்விரு தொகுதிகளின் பிரசார மேடைகள் எவற்றிலும் கேட்டதில்லை. கூட்டுறவுச் சங்கங்களோ அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. 2021 ஜூலையில் மத்தியில் கூட்டுறவுக்குத் தனி அமைச்சகம் தோன்றிய பின், எந்த வாக்குறுதியை எந்த அரசு நிறைவேற்றும் என்பதை முன்னிலும் கவனமாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

பயிரிடுபவர் தாளில் கடனும் உரமும் விலையும் வரும். அவற்றுக்கு மேலாக, நம் மேற்குப் புறநகரில் வரவேண்டிய வரி ஒன்றுண்டு: எஞ்சியுள்ள நிலம் நிலமாகவே இருக்குமா, மனைக்கட்டாகுமா? வெளிவட்டச் சாலையின் இருமருங்கிலும் நட்ட கற்களே பயிராகிவிட்டன. இந்த வரிக்கு நேரே எல்லாக் கட்டங்களும் வெறுமையாயிருந்தால், அந்த வெறுமையையும் குறித்துவைத்துக்கொண்டு, வீடு தேடி வரும் அபேட்சகரைக் கேட்கவேண்டியதுதான்.

சங்கத்தில் அரசியல் நுழையலாமா என்று சில காரியதரிசிகள் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானதே. 1937-ல் சர்வதேசக் கூட்டுறவு ஐக்கியம் வகுத்த கொள்கைகளுள் அரசியல், மத நடுநிலைமை ஒன்று. ஆயினும், அதே பட்டியலில் அங்கத்தினர்க்குக் கல்வியளித்தலும் இடம் பெற்றிருக்கிறது. இரண்டையும் ஒருசேரக் காக்க முடியும். எல்லாக் கட்சிகளின் அறிக்கைகளும் இருக்கவேண்டும். ஒன்று கிடைக்காவிட்டாலும் மற்றவற்றை எடுத்து உள்ளே வைத்துவிடவேண்டும். கட்சிக்காரர்களை அழைத்தலாகாது. பணியாளர்களும் ஆய்வாளர்களும் தாளில் ஓரெழுத்தும் எழுதலாகாது. சங்கக் கட்டிடத்தில் கூடுவதைவிடக் கிளை நூலகத்தில் கூடுதல் நலம். முடிவில் யாருக்கு வாக்கு என்று எவரும் எவரையும் கேட்கலாகாது. அந்த ஆறு ஓட்டும் ஆறு வழியில் போனால் போகட்டும். மகாசபையில் தணிக்கை அறிக்கை வாசிக்கும்போது காப்பி எப்போது வரும் என்று வாயிலைப் பார்க்கும் நம் அங்கத்தினர்கள் இதற்கு வந்து உட்காருவார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். தம் நகை சம்பந்தப்பட்டது என்றால் உட்காருவார்கள் என்பது நமது அனுபவம்.

சென்ற மாதம் சங்கமொன்றில் இந்த யோசனையைச் சொல்லிவிட்டு வந்தோம். முதியவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் நீங்கள் சொல்லமாட்டீர்கள்" என்று சிரித்தார். பிறகு, தம் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், அவள் எழுதுவாள், கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கவேண்டும் என்றார். காரியதரிசிக்கோ வேறு கவலை: அந்த நோட்டுப் புத்தகம் தணிக்கைக்கு உட்பட்டதா என்று எழுத்து மூலம் கேட்டிருக்கிறார். உட்படாது என்று பதில் அனுப்பியிருக்கிறோம்.